பின்பக்கம் நான்கு கேமரா, வேலை செய்வது இரண்டு: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைப்பேசி வாங்குவோர் கவனத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தீபாவளி போனசில் கேமரா கைப்பேசி வாங்க எண்ணியிருப்போர், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். "50 மெகாபிக்சல், நான்கு கேமரா" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த கைப்பேசியை நகரில் ஒரு கடையில் 649 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியின்போதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. தம்பி மகன் குழியில் கால் வைத்த கணத்தில் திரையைத் தொட்டேன். பதிவானதோ அவன் கரையேறிய பிறகு எஞ்சிய புகையும் யாரோ ஒருவருடைய முதுகும். ஒலிப் பொத்தானை அழுத்தியும் படம் எடுக்கலாம். ஆனால் திரையை அணைக்கும் பொத்தானை அதை ஒட்டியே வைத்திருப்பதால், அவசரத்தில் அழுத்தும்போது பெரும்பாலும் திரைதான் அணைகிறது. 2006-இல் வந்த நோக்கியா என்73-ஐ என் அண்ணன் இன்னும் வைத்திருக்கிறார். வெறும் 3.2 மெகாபிக்சல்தான். ஆனாலும் லென்ஸ் மூடியைத் தள்ளினாலே கேமரா திறக்கும். அதற்கென்றே உள்ள பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் (ஃபோகஸ்) சரியாகும், முழுதும் அழுத்தினால் படம் விழும். கையில் பிடிப்பவரை நினைத்துச் செய்த பொருள் அது.

பிறகு ஒவ்வொரு லென்சாக விரலால் மூடிப் பார்த்தேன். எந்த அமைப்புக்கு மாற்றினாலும், இரண்டு வட்டங்களை மூடியபோது திரையில் எந்த மாற்றமும் இல்லை. அவை வெறும் கண்ணாடி. படத்தின் அளவு 8160-க்கு 6144 என்று காட்டுகிறது, கணக்குப்படி அது 50 மெகாபிக்சல்தான். ஆனால் நாளிதழ்ப் பக்கமொன்றை அந்த அமைப்பிலும் 8 மெகாபிக்சல் அமைப்பிலும் எடுத்துப் பெரிதாக்கியபோது, இரண்டிலுமே மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி ஒன்றுபோல் கரைந்து போயிருந்தது. சிறிய உணரி (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி, இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நல்ல கைப்பேசிகள் உணரியின் நான்கு பிக்சல்களை ஒன்றாக்கிச் சுமார் 12 மெகாபிக்சல் படம் தருவது வேறு. குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காகச் செய்வது அது.

கடைக்காரரோ "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார். வர்ணனைக்குப் பொருந்தாத பொருளைத் திருப்பிக் கொடுக்க 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அப்படியொரு பலகை பறித்துவிட முடியாது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். நானும் பதிவு செய்துவிட்டேன். ஆனால் என் ரசீதில் "ஹேன்போன் 1" என்று மட்டுமே இருப்பதால், அட்டைப் பெட்டிதான் முக்கியச் சான்று. வாங்குவோர் மாடல் பெயரையும் மெகாபிக்சலையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.