ஒரு ஏக்கரை விற்க வேண்டாம்: கொலை வழக்கு அப்பீலுக்கு டெல்லியில் கிடைக்கும் இலவச சட்ட உதவி எப்படி?

வரப்பைத் தள்ளிப் போட்டதில் ஆரம்பித்த சண்டை. ஒரு வெட்டு, ஒரு சாவு, ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றமோ மதுரைக் கிளையோ அப்பீலைத் தள்ளுபடி செய்த அன்று மாலையே டெல்லியில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் வரும். "நீ அங்கதானப்பா இருக்க, சுப்ரீம் கோர்ட்ல நல்ல வக்கீலாப் பாரு. ஒரு ஏக்கரை வித்தாவது குடுத்துர்றோம்." மயூர் விகாரிலும் ஆர்.கே.புரத்திலும் முனீர்காவிலும் அந்தப் போனை எடுக்கிறவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. ஏக்கரை விற்க வேண்டாம். உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இந்த வகை வழக்குக்குப் போதும். ஆனால் ஊரிலிருந்து வரும் காகிதக் கட்டு அரைகுறையாக இருந்தால், யாரை வக்கீலாக வைத்தாலும் அப்பீல் அரைகுறையாகத்தான் நிற்கும்.

முதலில் தகுதி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்ப்பதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உச்ச நீதிமன்ற அளவில் ஆண்டு வருமான வரம்பு 5 லட்சம் ரூபாய். இதில் ஒரு சிக்கல் உண்டு. உயர் நீதிமன்ற அப்பீல் நடந்த காலம் முழுக்க ஜாமீனில் இருந்தவர், தள்ளுபடியானதும் சரணடையாமல் "டெல்லியில் ஸ்டே வாங்கிவிட்டு வருகிறேன்" என்று காத்திருப்பது வழக்கம். சரணடைந்ததற்கான சான்று வேண்டும். இல்லையென்றால் சரணடைவதிலிருந்து விலக்கு கேட்டுத் தனி மனு போட வேண்டும். அந்த மனுவில் உத்தரவு வராமல் வழக்கு நகராது. மருத்துவக் காரணம் போல வலுவான ஏதாவது இல்லையென்றால் சரணடைந்துவிடுவதே நல்லது. காவலில் இருப்பவர் என்ற தகுதியும் அதோடு வந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் வக்கீல் கட்டணம், தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்பு எல்லாம் குழுவின் பொறுப்பு. குற்ற வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணமே கிடையாது. இலவச உதவி பெறாமல் தனியாக வக்கீல் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே கொலை வழக்கு அப்பீலுக்கு "கோர்ட் ஃபீஸ்" என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

விண்ணப்பம் சிறையிலேயே தொடங்குகிறது. பாளையங்கோட்டையோ திருச்சியோ கடலூரோ, சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் சொன்னால் விண்ணப்பமும் வக்காலத்தும் உறுதிமொழிப் பத்திரமும் தயாராகும். கைதியின் கையெழுத்துக்கோ கைரேகைக்கோ கீழே சிறைக் கண்காணிப்பாளரின் சான்றொப்பம் கட்டாயம். அது விட்டுப்போனால் காகிதம் டெல்லி வந்து திரும்ப ஊருக்குப் போகும், வாரங்கள் கரையும். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 15100. டெல்லிச் சொந்தக்காரர் நேரில் போய்க் கேட்பதும் நல்லதே. மயூர் விகார் முதல் பகுதியிலிருந்து நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் உச்ச நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். வளாகத்துக்குள் போக 'சுஸ்வாகதம்' தளத்தில் முன்கூட்டியே மின் அனுமதிச் சீட்டு எடுத்துவிட்டால் வரிசை மிச்சம்.

கெடு 90 நாள், உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தேதியிலிருந்து. சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாள்கள் இதில் சேராது. தீர்ப்பு வந்த வாரமே நகல் மனு போடச் சொல்வது இதற்காகத்தான். கெடு தாண்டினாலும் கதவு மூடிவிடாது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில், கைதி எப்போது விண்ணப்பித்தார், காகிதம் எங்கே எத்தனை நாள் இருந்தது என்று தேதிவாரியாகக் காட்ட வேண்டும். "ஏழை, படிக்காதவர்" என்ற ஒரு வரி போதாது.

இனி காகிதக் கட்டு. பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளை மட்டும் அனுப்பிவிட்டு எல்லாம் அனுப்பியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, கோயில் திருவிழாத் தகராறு போன்ற வழக்குகளில் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கும். முதல் தகவல் அறிக்கை வேண்டும்; அதன் கடைசியில் நடுவர் (மாஜிஸ்திரேட்) அதைப் பெற்ற தேதியும் நேரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். இரவு 8 மணிக்குப் பதிவான அறிக்கை மறுநாள் மாலை நடுவர் கைக்குப் போயிருந்தால், இடையில் பேர் சேர்த்தார்களா என்ற கேள்வி எழும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேடு அதைவிட முக்கியம். அடிபட்டவரைத் தூக்கிப் போனதும் அரசு மருத்துவர் முதலில் எழுதும் வரி அதில் இருக்கும்: எத்தனை பேர் தாக்கினார்கள், தெரிந்தவர்களா, என்ன ஆயுதம். அங்கே "ஒருவர்" என்று இருந்து குற்றப்பத்திரிகையில் ஏழு பேர் இருந்தால், அந்த ஒரு தாளை ஒரு பக்க வாதமாகவே விரிக்கலாம்.

பிரேத பரிசோதனை அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம், கண்ணால் பார்த்த சாட்சிகளின் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும், விசாரணை அதிகாரியின் சாட்சியம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313ஆவது பிரிவின் கீழ் நீதிபதி கேட்ட கேள்விகள் எல்லாம் கட்டில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு மேல் பதிவான வழக்கு இருந்தால் அதன் அறிக்கையும், உங்கள் ஆளுக்கு ஏற்பட்ட காயத்துக்கான சான்றும் கண்டிப்பாக வேண்டும். இரண்டு பக்கமும் அடிபட்டிருந்து, குற்றம் சாட்டப்பட்டவரின் பலத்த காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கமே சொல்லவில்லையென்றால், சண்டையின் தொடக்கத்தை அவர்கள் மறைக்கிறார்கள் என்ற வாதத்துக்கு அதுதான் அடிப்படை.

"நம்ம பையன் செய்யவே இல்லை" என்று மட்டும் சொல்லி விடுதலை கேட்பதில்தான் பல அப்பீல்கள் வீணாகின்றன. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒரே முடிவுக்கு வந்த பிறகு, அரசியலமைப்பின் 136ஆவது உறுப்பின் கீழ் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் மறுபடி எடை போடுவது அரிது. கிராமத்துச் சண்டையில் திறக்கக்கூடிய வாசல் இந்திய தண்டனைச் சட்டம் 300ஆவது பிரிவின் 4ஆவது விதிவிலக்கு. அது பொருந்தினால் 302ஆவது பிரிவின் கொலைக் குற்றம், 304ஆவது பிரிவின் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். அதன் நான்கு நிபந்தனைகளை 1989இல் சுரீந்தர் குமார் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லை, ஆத்திரத்தின் சூட்டில் நடந்தது, கொடூரமாகவோ அநியாய வாய்ப்பு எடுத்தோ நடக்கவில்லை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அறிய 2006இல் புலிச்செர்லா நாகராஜு வழக்கு தந்த அளவுகோல்கள் இன்னும் நுணுக்கமானவை. ஆயுதம் என்ன, கொண்டு வந்ததா, கிடந்ததை எடுத்ததா, அடி எந்த இடத்தில், ஒன்றா பலவா, முன்பகை உண்டா என்று அடுக்கிப் பார்க்கச் சொல்கிறது.

ஆகவே வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த மண்வெட்டியால் ஒரே அடி என்றால் வாதம் வலுவானது. வீட்டுக்குப் போய் வெட்டரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தால் இந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டது. 302 என்பது 304இன் முதல் பகுதியாக மாறினால் தண்டனை ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. இரண்டாம் பகுதி என்றால் அதிகபட்சம் 10 ஆண்டு. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவத்துக்கு இந்தப் பழைய சட்டமே பொருந்தும். அதற்குப் பிறகு நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103, 105.

ஊரே திரண்ட சண்டையில் பத்துப் பதினைந்து பேரை, சட்டவிரோதக் கும்பலில் இருந்த எல்லோரையும் பொறுப்பாக்கும் 149ஆவது பிரிவில் சேர்த்திருந்தால் வழி வேறு. ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று சாட்சிவாரியாக ஓர் அட்டவணை போட்டு வக்கீலிடம் கொடுங்கள். இப்படிக் கும்பல் சேர்ந்த வழக்கில் ஒருவரைத் தண்டிக்க இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணில்லாமல் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை 1964இல் மசால்டி வழக்கில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே சாட்சியை வைத்துத் தண்டித்திருந்தால், 1957இன் வடிவேலு தேவர் வழக்குத் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ஒரு சாட்சியே போதும் என்றாலும், முழுக்க நம்பவும் முடியாத, முழுக்கத் தள்ளவும் முடியாத சாட்சிக்கு வேறு ஆதாரம் துணை நிற்க வேண்டும் என்றது அது.

சேவையின் பலவீனம் மொழியில் தெரிகிறது. அமர்வு நீதிமன்ற வாக்குமூலங்கள் தமிழில் இருக்கும். இங்கே ஆங்கிலத்தில்தான் போக முடியும். ஒதுக்கப்படும் வக்கீல் தமிழ் தெரியாதவராக இருக்கலாம். மொழிபெயர்ப்பில் மண்வெட்டி, களைக்கொட்டு, கதிர் அரிவாள், வெட்டரிவாள் ஆகியவை ஒன்றாகக் கலந்துவிட்டால் மேலே சொன்ன வாதமே போய்விடும். பங்காளி, சம்பந்தி, மச்சான் உறவுமுறையும் அப்படியே. சாட்சி யாருக்கு வேண்டியவர் என்பது அதில்தான் இருக்கிறது. தாக்கல் செய்வதற்கு முன் மொழிபெயர்ப்பைப் பார்க்கக் கேளுங்கள். டெல்லியில் இருக்கும் தமிழ்ச் சொந்தக்காரர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, ஆயுதம், தூரம், வெளிச்சம், நேரம் வரும் வரிகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

தாக்கலானதும் டைரி எண் கிடைக்கும். அதை வைத்து உச்ச நீதிமன்ற இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம். பதிவகம் குறைகள் சுட்டினால் சரிசெய்ய மொத்தம் 28 நாள். மங்கிய நகல், பக்க எண் பிசகு, மொழிபெயர்ப்பு இல்லாத இணைப்பு என்று குறைகள் பெரும்பாலும் சின்னவைதான். ஊரிலிருந்து தெளிவான நகல் வர வேண்டியிருந்தால் அந்த 28 நாளும் பறந்துவிடும்.

முதல் விசாரணை சில நிமிடத்தில் முடியும். நீதிபதிகள் அதற்கு முன் படிப்பது மனுவின் சுருக்கத்தையும் தேதிப் பட்டியலையும். அதனால் ஏ.ஆர். காப்பியில் இருக்கும் முரண் 140ஆம் பக்கத்தில் கிடக்காமல் அந்தச் சுருக்கத்திலேயே வர வேண்டும். "குற்றத்தின் தன்மை குறித்து மட்டும்" என்று நோட்டீஸ் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 302ஆ 304ஆ என்று பார்க்க நீதிமன்றம் தயார் என்று பொருள். அந்த நேரத்தில் தேவைப்படுவது சிறைக் காவல் சான்று: விசாரணைக் காலம் உட்பட உள்ளே கழித்த காலம், பெற்ற தண்டனைக் குறைப்பு, நன்னடத்தை எல்லாம் அதில் இருக்கும். 304க்கு மாறும்போது "ஏற்கெனவே அனுபவித்த காலமே போதும்" என்று முடியும் வழக்குகள் உண்டு. அந்தக் கணக்கு கையில் இல்லாமல் நின்றால் வாய்தாதான். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கவும் இதே சான்று வேண்டும்.

தனியார் வக்கீலோடு ஒப்பிட்டால், பணம் கொடுப்பதால் கிடைப்பது உடனுக்குடன் போனில் பதில். இலவச வழியில் அந்தப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், சலிக்காமல் கேட்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் வக்கீல்களில் தாக்கல் செய்ய முடிந்தவர், உச்ச நீதிமன்றத்தில் அதற்கெனப் பதிவு பெற்ற அட்வகேட் ஆன் ரெக்கார்டு மட்டுமே. ஊரிலிருந்து கறுப்புக் கோட்டோடு கூட வந்து "நானே போடுகிறேன்" என்று சொல்பவரும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். போனில் உடனே கிடைக்கும் பதிலுக்காக ஏக்கரை விற்பது நியாயமே இல்லை.

குழுவின் வக்கீல் "அப்பீலுக்குத் தகுதியில்லை" என்று கருத்து எழுதினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறை வழியாகக் கைதியே மனு அனுப்பும் உரிமை அதனால் போவதில்லை. உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டால் 30 நாளுக்குள் மறுஆய்வு மனு போடலாம். தீர்ப்பில் கண்ணுக்குத் தெரியும் பிழை இருந்தால்தான் அது நிற்கும்.