பேய்க்கணவாய்க்கு எங்கெல்லாம் மூளை: 'அதர் மைண்ட்ஸ்' படிச்சுட்டு எழுதுறேன்

மிருகங்களோட புத்திய பத்தி இப்ப நிறைய புத்தகம் வருது. யானை அழுதுச்சு, காக்கா பழிவாங்குச்சு, கிளி கணக்கு போட்டுச்சுன்னு கதையா அடுக்கிட்டே போயிருவாங்க, அத யாரு பாத்தா, எப்படி பாத்தா, வேற காரணம் இருக்க வாய்ப்பே இல்லையான்னு ஒரு வரி இருக்காது. பீட்டர் காட்ஃப்ரே-ஸ்மித் எழுதுன 'அதர் மைண்ட்ஸ்' (2016) அப்படி இல்ல, அதுக்காகவே இதப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதணும்னு தோணுச்சு. அவரு ஆஸ்திரேலியாக்காரர், தத்துவப் பேராசிரியர். சிட்னி பக்கத்து கடல்ல முங்கி பேய்க்கணவாயையும் (ஆக்டோபஸ்) ஓட்டுக்கணவாயையும் (கட்டில்ஃபிஷ்) நேர்ல பாத்து, மத்தவங்க செஞ்ச ஆராய்ச்சியையும் சேத்து எழுதியிருக்காரு.

நான் ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்து ஆளு, கணவாய் வாங்குற கம்பெனியில எடை போட்டு கணக்கு எழுதுற வேலை. நமக்கெல்லாம் ஊசிக்கணவாய் (ஸ்குவிட்), ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய்னா சைஸு, கிலோ ரேட்டு, எந்தப் பெட்டியில எவ்வளவு ஐஸு, இவ்வளவுதான். ஆனா பேய்க்கணவாய் சும்மா கிடக்குற சாதி இல்லன்னு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். கூடைய மூடாம வச்சா ஏறி வெளிய வந்துரும். விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்குற சங்க வரிசையா கயித்துல கட்டி கடல்ல இறக்கி விட்டு, அதுவா வந்து குடியேறுனதும் இழுத்து எடுக்குறது பாக் நீரிணையில பழைய முறை. இரையே வைக்க வேண்டாம், பொந்துன்னா அதுக்கு அவ்வளவு ஆசை. ஏன் அப்படின்னு இந்தப் புத்தகம்தான் எனக்கு விளக்கமா சொல்லுச்சு.

பேய்க்கணவாய் உடம்புல சுமார் 50 கோடி நரம்பு செல் இருக்கு, கிட்டத்தட்ட நாயோட கணக்குக்குப் பக்கத்துல வந்துரும். அதுல மூணுல ரெண்டு பங்கு தலையில இல்ல, எட்டு கையிலயும் பரவிக் கிடக்கு. வெட்டிப்போட்ட கை தட்டுல கிடந்து நெளியுறதையும், விரல வச்சா உறிஞ்சி ஒட்டிக்கிறதையும் நான் தினம் பாக்குறேன், அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு அமைப்பு இருக்குன்னு படிக்கும்போது ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். அப்ப கை தனியா யோசிக்குதா, இல்ல தலை சொல்றதக் கேக்குதா? 2011ல ஒரு சோதனை வந்துச்சு. கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பாதை, நடுவுல கை தண்ணிய விட்டு மேல ஏறி இறங்கணும், அதனால தண்ணியில ருசி புடிச்சு தேடுற வேலை நடக்காது, கண்ணால பாத்து கைய ஓட்டுனாத்தான் இரை கிடைக்கும். பெரும்பாலும் கத்துக்கிச்சுங்க. அதே சமயம் கை தானாவும் தடவித் தேடிக்கிட்டு இருந்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு. ரெண்டும் கலந்துதான் நடக்குதுன்னு நிதானமா சொல்றாரே தவிர "எட்டு மூளை உள்ள அதிசயப் பிராணி"ன்னு கூவல.

எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் பல்பு கதை. நியூசிலாந்துல ஒடாகோ பல்கலைக்கழகத்துல தொட்டியில இருந்த பேய்க்கணவாய்ங்க ஆள் இல்லாத நேரம் பாத்து பல்பு மேல தண்ணிய பீய்ச்சி ஷார்ட் சர்க்யூட் ஆக்கிருச்சுங்களாம், செலவு தாங்காம கடைசியில கடல்லயே விட்டுட்டாங்க. இத மட்டும் வாட்ஸாப்புல போட்டா பத்தாயிரம் பேரு ஃபார்வர்டு பண்ணுவான். ஆனா இவரு அங்க நிறுத்தல. அதுக்கு வெளிச்சம் புடிக்காது, புடிக்காத எது மேலயும் தண்ணி பீய்ச்சும், அதனால பல்பு அணைஞ்சதுக்கு பெரிய திட்டமெல்லாம் தேவையில்லன்னு தன் கதைய தானே எடை குறைச்சுக் காட்டுறாரு. அப்புறம்தான் கெட்டியான விஷயத்துக்கு வர்றாரு. அதே ஒடாகோவுல ஒரு பேய்க்கணவாய்க்கு ஒரே ஒரு ஊழியரக் கண்டா ஆகாது, அந்தம்மா போகும்போதெல்லாம் முதுகுல தண்ணி அடிக்கும்னு ஒரு கதை. கதைதானேன்னு விட்டுறாம, 2010ல வந்த ஆய்வையும் சொல்றாரு: ஒரே மாதிரி யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேரு, ஒருத்தர் சாப்பாடு போடுவாரு, இன்னொருத்தர் குச்சியால குத்தித் தொந்தரவு பண்ணுவாரு. ரெண்டே வாரத்துல ராட்சத பேய்க்கணவாய்ங்க யாரு யாருன்னு பிரிச்சு நடந்துக்கிச்சுங்க. இப்ப அந்த முதுகுல தண்ணி அடிச்ச கதைய நம்பலாமில்ல? இப்படி ஒவ்வொரு கதைக்கும் எவ்வளவு எடை போடலாம்னு சேத்தே சொல்லிட்டுப் போறவருதான் எனக்குப் புடிச்ச எழுத்தாளர்.

இதே விஷயத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல பழைய பாடம் ஒண்ணு இருக்கு, ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்குக்கு பதில கால் தட்டிச் சொல்லும்னு ஊரே நம்புச்சு, 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ஞ்சு பாத்தா கேள்வி கேக்குறவரோட தலை அசைவையும் உடம்பையும் பாத்து எங்க நிறுத்தணும்னு குதிரை கண்டுபுடிச்சிருக்கு. கணக்கு தெரியாது, ஆனா மனுஷன படிக்கத் தெரியும். அதுவும் சின்ன விஷயமா?

புத்தகத்துல, இத்தாலியில நேப்பிள்ஸ்ல பீட்டர் ட்யூஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் (1959ல வந்த ஆய்வு) ஆல்பர்ட், பெர்ட்ராம், சார்லஸ்னு மூணு பேய்க்கணவாய்க்கு நெம்புகோல இழுத்தா இரைன்னு பழக்குன கதையும் வருது. முதல் ரெண்டும் கத்துக்கிச்சு. சார்லஸ் நெம்புகோல ஒடச்சு, மேல இருந்த விளக்க தண்ணிக்குள்ள இழுத்து, பாக்க வந்தவங்க மேல தண்ணிய அடிச்சிருச்சு. படிச்சுட்டு வீட்ல எல்லாருக்கும் சொன்னேன்.

நிறம் பத்தின அத்தியாயம் இருக்கே, அத நம்ம ஊர்ல யாரும் விடக்கூடாது. ராத்திரி லைட்டு வெளிச்சத்துல ஊசிக்கணவாய் தூண்டில்ல ஏறி படகுல விழுந்த உடனே உடம்பு பூரா செம்புள்ளி விரியும், சுருங்கும், அலை அலையா ஓடும், செத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கங்க துடிச்சிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாயப் பை, சுத்தி குட்டிக் குட்டி தசை, மூளையில இருந்து நேரா நரம்பு வருது, தசை இழுத்தா பை விரியும், விட்டா சுருங்கும். இவ்வளவு நிறம் காட்டுற உசிருக்கு பெரும்பாலும் நிறமே தெரியாது, கண்ணுல நிறம் பிரிக்கிற ஏற்பாடு இல்ல! அப்ப எப்படி பாறைக்கும் பாசிக்கும் ஏத்த மாதிரி மாறுது? தோல்லயே வெளிச்சத்த உணர்ற பொருள் இருக்குன்னு கண்டுபுடிச்சிருக்காங்க, அதுதான் விடையான்னு இன்னும் முடிவாகலன்னு அவரே சொல்றாரு.

மனச கனக்க வச்சது ஆயுசு பத்தின பகுதி. இவ்வளவு புத்தி இருக்குற பிராணி ஒரு வருஷம், ரெண்டு வருஷம்தான் இருக்கும். பொம்பள முட்டைய பொந்துக்குள்ள வச்சு, தண்ணி அடிச்சு அடிச்சு காப்பாத்தி, சாப்பிடாம கிடந்து, குஞ்சு பொரிக்கிற நேரத்துல செத்துரும். காரணத்த இவரு விளக்குறது ரொம்ப நல்லா இருக்கு. முன்னோருக்கு இருந்த ஓடு போச்சு, மெத்து மெத்துன்னு சதை மட்டும், பாக்குறதெல்லாம் கடிக்க வருது, அதனால நாளைக்கு இருப்போமாங்கறதே சந்தேகம், அப்படி வாழுற உசிர்ல லேட்டா வர்ற கோளாற பரிணாமம் களை எடுக்காது, சீக்கிரம் முட்டை வைக்கிற குணம்தான் நிலைக்கும். இதுக்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கத்து மாண்டரே கடல்ல 1400 மீட்டர் ஆழத்துல ஒரு தாய் 53 மாசம் முட்டைய காத்துச்சு. குளிர், ஆழம், எதிரி கம்மி, ஆயுசும் நீளுது. பொந்து மேல இருக்குற ஆசைக்கும் ஓடு போனதுக்கும் உள்ள சம்பந்தம் இங்கதான் எனக்கு முழுசா புரிஞ்சுச்சு.

குறையும் சொல்லணும். மனசுக்குள்ள நாம பேசிக்கிறோமே, அதப் பத்தி வர்ற அத்தியாயம் தத்துவ வகுப்பு மாதிரி இழுக்குது, பேய்க்கணவாய் அங்க காணாமப் போயிருது. இங்கிலீஷ் ரொம்பக் கஷ்டமில்ல, ஆனா அந்த எடத்துல நான் ரெண்டு மூணு தடவ திரும்பப் படிச்சேன்.

இன்னொண்ணு எனக்கு நிஜமாவே ஆதங்கம். ஆஸ்திரேலியாவுல ஜெர்விஸ் விரிகுடாவுல 2009ல கண்டுபுடிச்ச, சிப்பி ஓடு குவிஞ்சு பேய்க்கணவாய்ங்க நெருக்கி நெருக்கி குடியிருக்குற எடத்தப் பத்தி ஆசையா எழுதுறாரு, அங்க அதுங்க ஒண்ண ஒண்ணு சிப்பியும் சகதியும் வீசி அடிக்கிறத 2022ல ஆய்வாவே வெளியிட்டாங்க. எல்லாம் சிலிண்டர் கட்டி முங்குனவங்க பாத்தது. இங்க பாம்பன்கிட்ட சின்னப்பாலத்துப் பக்கம் ஒரு கண்ணாடியும் கால்ல அலுமினியத் தட்டும் கட்டிக்கிட்டு மூச்சப் புடிச்சு மரிக்கொழுந்துப் பாசி எடுக்குற நம்ம அக்காங்களும் காலம் பூரா அதே மாதிரி பாறைக்குள்ளதான் கையவிட்டுட்டு இருக்காங்க. பொந்து வாசல்ல நண்டு ஓடும் சிப்பியும் குவிஞ்சிருந்தா உள்ள ஆளு இருக்குன்னு எங்க சித்தி பாத்த உடனே சொல்லும். இந்த அறிவ யாரும் உக்காந்து கேட்டு, சோதிச்சு, பேரு போட்டு எழுதல. இந்தப் புத்தகத்துல மட்டும் இருக்குற குறைன்னு சொல்ல மாட்டேன், நான் படிச்ச இந்த வகைப் புத்தகம் எதுலயும் கரைக்காரங்க வாய் தொறந்து பேசல.

வாங்கலாமான்னு கேட்டா தாராளமா வாங்குங்க. போன்ல படிக்கிறத விட அச்சுப் புத்தகம் நல்லது, முன்ன பின்ன புரட்ட வேண்டியிருக்கும். நேரம் இல்லாதவங்க பேய்க்கணவாய் சேட்டை வர்ற அத்தியாயம், நிறம், ஆயுசு இந்த மூணையும் முதல்ல படிச்சுட்டு மிச்சத்துக்குப் போங்க. பிளஸ் டூவுல உயிரியல் எடுத்த பிள்ளைங்க வீட்ல இருந்தா கூட உக்காந்து படிங்க, ஒரு பேய்க்கணவாய வாங்கிட்டு வந்து பக்கத்துல வச்சுக்கிட்டு படிச்சா இன்னும் நல்லது, கண்ணு, கை, மைப்பை எல்லாம் தொட்டுப் பாக்கலாம். இதே ஆளு 2020ல 'மெட்டாசோவா'ன்னு அடுத்தது எழுதியிருக்காரு, ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் அதையும் எழுதுறேன்.