மிஸ்டரி ஷாப்பிங்கா, டெலிவரியா: குமரியில் எது கட்டுப்படியாகும்?

பர்கர், பீட்சா, ஃபிரைட் சிக்கன் கடைக்குச் சாதாரண ஆள் மாதிரி போய்ச் சாப்பிட்டுவிட்டு, அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று எழுதிக் கொடுப்பதுதான் மிஸ்டரி ஷாப்பிங். பில் காசு ஒரு வரம்பு வரை திரும்பி வரும், மேலே கொஞ்சம் ஃபீஸ். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பார்ட் டைம் தேடுகிறவர்கள் இதையா, ஸ்விக்கி, ஸொமேட்டோவில் டெலிவரி ஓட்டுவதையா என்று கேட்கிறார்கள். மாதச் செலவுக்குக் காசு வேண்டுமென்றால் டெலிவரிதான். மிஸ்டரி ஷாப்பிங், டவுனுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

சாப்பிடுவது அந்த வேலையில் சின்னப் பகுதி. வரிசையில் நின்ற நேரம், ஆர்டர் எடுத்த நேரம், தட்டு கைக்கு வந்த நேரம் எல்லாவற்றையும் போனில் குறிக்க வேண்டும். கவுண்டரில் வணக்கம் சொன்னார்களா, பெரிய சைஸ் வேண்டுமா என்று கேட்டார்களா, சட்டையில் குத்தியிருந்த பெயர் என்ன? எதையும் அவர்கள் எதிரில் எழுதக்கூடாது. பலர் பாத்ரூமுக்குள் போய்த்தான் தட்டச்சு செய்வார்கள். எப்படியும் அங்கே சோப்பு இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமே! பில் போட்டோ தெளிவில்லை, சொன்ன ஐட்டத்துக்குப் பதில் வேறு வாங்கிவிட்டீர்கள் என்றால் ரிப்போர்ட் தள்ளுபடி. ஃபீஸும் போச்சு, சாப்பாட்டுக் காசும் போச்சு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஃபீஸ் 200 ரூபாய், சாப்பாட்டு வரம்பு 300, பில் 340 என்று வைத்துக்கொள்வோம். மேலே போன 40 நம் கையிலிருந்து. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் போய்வர 60 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 120. மிச்சம் 40 ரூபாய், ஒரு வயிற்றுச் சாப்பாடு. போக வர இரண்டு மணி நேரம், கடையில் முக்கால் மணி, ரிப்போர்ட்டுக்கு ஒரு மணி. நாகர்கோவில் வடசேரியிலேயே வீடு என்றால் அதே வேலைக்கு 150 ரூபாய் போல நிற்கும், நேரமும் பாதி. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த பஸ் ஓடும் ரூட்டில் இருக்கும் பெண்களுக்குப் இந்தக் கணக்கிலிருந்து பெட்ரோல் செலவை அடித்துவிடலாம்.

டெலிவரியில் காசு வாரா வாரம் வரும். ஷாப்பிங் காசு வர ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். ஆனால் வண்டித் தேய்மானம் டெலிவரிக்காரர் தலையில். நம்ம ஊரில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூனிலும் நனைய வேண்டும், நவம்பரிலும் நனைய வேண்டும்.

ஷாப்பிங்குக்கு இங்கே பெரிய முட்டுக்கட்டை வேறு. ஒரே ஆளை அதே கடைக்கு அடுத்தடுத்து அனுப்ப மாட்டார்கள், இடைவெளி விடுவார்கள். சென்னையில் அதனால் ஒன்றும் குறையாது, கிளைகள் அத்தனை இருக்கின்றன. இங்கே செயின் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதாததற்குக் கவுண்டரில் நிற்கிற பையன், “அண்ணா, நீங்க தக்கலைதானே?” என்று கேட்டுவிட்டால் என்ன ரகசியம் மிச்சம்?

மிஸ்டரி ஷாப்பிங்கிலேயே வீட்டுக்கு ஆர்டர் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. சீல் பிரிந்திருக்கிறதா, சூடு இருக்கிறதா, சொன்ன நேரத்துக்கு வந்ததா, அவ்வளவுதான். அலைச்சல் மிச்சம், என் ஓட்டு இதற்கு. அகப்படுவதுதான் அபூர்வம்.

டெலிகிராமில் “ரிவ்யூ போட்டால் காசு” என்று வருவது இந்த வேலையே அல்ல. முதலில் நூறு, இருநூறு கொடுத்து நம்பவைத்து, பிறகு டெபாசிட் கேட்பார்கள். உண்மையான மிஸ்டரி ஷாப்பிங்கில் சேர ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள்.

அப்புறம், ஃபீஸில் டிடிஎஸ், அதாவது காசு தரும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடித்தால் விட்டுவிடாதீர்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரும்.