பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஏற்ற தையல் வகுப்பு

திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்தத் தையல் பயிற்சி மையத்தை, ஏற்கெனவே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலில் சொல்வேன்.

நான் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கூடமாட உதவும் ஆளாக, இருப்பது லைன் முறையில் ஓடும் பெரிய கம்பெனி. கை வைப்பவருக்குக் கை மட்டும், கழுத்து வைப்பவருக்குக் கழுத்து மட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிவிடுவதால், பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பழக நேரமே கிடையாது. எங்கள் மாமா பவர் டேபிளில் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கும் சின்ன யூனிட்டில் அப்படியில்லை. டீ நேரத்தில் கைமடிப் பிள்ளைகள் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படித்தான் பலர் டெய்லர் ஆனார்கள்.

அப்படிப் பழகும் வாய்ப்பு இந்தப் பயிற்சி மையத்தில் கிடைக்கிறது. ஓரம் பிரியாமல் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் தோள் சேர்த்து, கழுத்துக்கு ரிப் என்ற இழுபடும் பட்டி வைத்து, பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மெஷினில் கீழ்மடிப்பு அடித்து, டி-ஷர்ட்டை முழுசாக நாமே முடிக்க வேண்டும். ரிப்பைக் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறிதாக வெட்டி, சீராக இழுத்துத் தைக்கணும். ஒரு பக்கம் இழுவை கூடினால் கழுத்து கோணிக்கொள்ளும். சொல்லித்தரும் அக்கா அதைப் பிரிக்க வைத்து, எங்கே தப்பு என்று நம்மையே சொல்லச் சொல்வார். எனக்கு இதுதான் ரொம்பப் பெரிய விஷயம்.

குறை என்றால், பேட்லாக் மெஷின் ஒன்றுதான். ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் காலை வகுப்பே கேளுங்கள்.