மீனுக்கு ஆற்றுவழி: இராமநாதபுரம் கடற்கரையில் பணத்தை எதில் போடுவது?

மடவை, கொடுவா, பால் மீன், விலாங்கு ஆகியவை கடலில் முட்டையிடுபவை. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரங்கள் வழியே உள்ளே ஏறி, உவர்நீரிலும் நன்னீரிலும் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்தப் பாதை குறுகலானது. வைகை பெரிய கண்மாயில் அடங்கிவிட, மிகுநீர் மட்டுமே ஆற்றங்கரை அருகே பாக் விரிகுடாவைச் சேர்கிறது. குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்த வழிகளைத் திறக்கப் பொதுப்பணம் கிடைக்குமானால் அதை மூன்று விதமாகச் செலவிடலாம்.

முதலாவது, குஞ்சு இருப்புச் செய்தல், அதாவது பண்ணையில் பொரித்த மீன்குஞ்சுகளை வாங்கி நீர்நிலைகளில் விடுதல். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாக் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டுவிட்டதால், குஞ்சுகளுக்கு வழியுண்டு. விட்ட குஞ்சுகளை எண்ணிக் காட்டலாம், கணக்கையும் அதே நிதியாண்டில் முடிக்கலாம். ஆனால் வழி அடைபட்டே கிடக்கும். அடுத்த ஆண்டும் குஞ்சு வாங்க வேண்டும்.

இரண்டாவது, அணை போன்ற பெரிய தடுப்புகளை அகற்றுதல் அல்லது அவற்றில் மீன் ஏணி (மீன்கள் ஏறிக் கடக்கும் படிவரிசை) கட்டுதல். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-இல் முடிந்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட சுமார் 45 கோடி டாலரில் 20 கோடி மின் நுகர்வோரிடமிருந்தும், 25 கோடி வரை கலிபோர்னியா மாநிலக் கடன்பத்திர நிதியிலிருந்தும் வந்தது. அங்கு சால்மன் திரும்பி வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு, ஏறுவது வளர்ந்த, வலிய மீன். இங்கு வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சில வாரங்கள் மட்டுமே நீர் ஓடுகிறது. ஏற வேண்டியதோ விரலளவுகூட இல்லாத மடவைக் குஞ்சு. வைகை அணை 1959 முதல் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. அதை அகற்றும் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, கீழ்க்கோடியில் சிறு வேலைகள்: மணல் மூடிய முகத்துவாரத்தைத் தூர்வாருதல், வரத்துக்கால்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுதல், குழாய் பதித்த தரைப்பாலங்களை அகலக் கண்கள் உள்ள பாலங்களாக மாற்றுதல், கடலை ஒட்டிய மதகுகளின் கதவுகளை ஏற்ற நேரத்தில் சற்றே தூக்குதல். இதைச் சில்லறை வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவே 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் மூலம், கடலிலிருந்து ஆறேறும் மீன்களுக்காகச் சாலையடிப் பாலங்களைச் சீரமைக்க மட்டும் ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரே பெரிய கட்டுமானத்தில் பணத்தை முடக்குவதைவிட இதுவே நமக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு எதிராக விவசாயிகள் எழுப்பும் கேள்வி நியாயமானது. அந்தக் கதவுகள் உப்புநீரைத் தடுக்கவே வைக்கப்பட்டவை; கிணற்றில் உப்பேறினால் அந்த இழப்பை மீன் ஈடுசெய்யாது. ஆகவே மழைநீர் கடலை நோக்கி ஓடும் நாட்களில் மட்டும், உப்பின் அளவைச் சோதித்தபடி, விவசாயிகளும் மீனவர்களும் ஒப்புக்கொண்ட அளவுக்கே கதவைத் தூக்க வேண்டும்.

நிதி தரும் முறையும் மாற வேண்டும். மத்திய அரசு மீன்வளத்துக்காக 2020-இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு 20,050 கோடி ரூபாய் முதலீடு அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டப் பணம் கட்டுமானத்துக்கு எளிதாகக் கிடைத்தாலும், ஆண்டுதோறும் திரும்பி வரும் மணலை அள்ள அது நீடிப்பதில்லை. ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை வைப்புநிதியாக்கி, அதன் வட்டியில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள், அதாவது மழை பிடிப்பதற்கு முன்பே, முகத்துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும். டிசம்பரில் வந்து சேரும் ஒப்புதலால் அந்தப் பருவத்துக் குஞ்சுகளுக்குப் பயனில்லை.