பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? வன்னி நூலகங்களில் கேட்கும் முறை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்களில் பெரியவர்கள் காணி உறுதி, பிறப்புப் பதிவு என்று அலைய, பிள்ளைகள் வீட்டில் போனோடு இருப்பார்கள். வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே கிளிநொச்சி வரையும், அந்தப் பக்கம் முல்லைத்தீவிலும், உள்ளூராட்சிச் சபைகள் நடத்தும் பொது நூலகங்கள் இருக்கின்றன. பிள்ளையை நேரில் பார்த்து, பொருத்தமான புத்தகம் எடுத்துத் தரத் தெரிந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் நாங்கள் கேட்கும் விதம் சரியில்லாவிட்டால் கைக்கு வருவது நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றாகவோ புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாளாகவோதான் இருக்கும்.

கிராமத்து வாசிகசாலையையும் பொது நூலகத்தையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். வாசிகசாலை பெரும்பாலும் சனசமூக நிலையத்தோடு சேர்ந்தது, பத்திரிகை பார்க்கலாம். சிறுவர் பகுதியும் இரவல் பகுதியும் வேண்டுமென்றால் சபை நூலகத்துக்குத்தான் போக வேண்டும். பூரணை விடுமுறையில் பூட்டு. வாராந்த விடுமுறை நாள் சபைக்குச் சபை மாறும், அதனால் முதல்நாளே விசாரித்து வைப்பது நல்லது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும்; அதற்குப் பிறகு மேசைகளில் இடமிராது, உதவியாளருக்கு நிமிர நேரமிராது. ஆறுதலாகக் கதைக்க வேண்டுமென்றால் காலை பத்து, பதினொரு மணிதான் நேரம்.

"பத்து வயது மிஸ், ஆறாம் வகுப்பு, நல்ல புத்தகம் ஒன்று தாங்கோ" என்று கேட்பதுதான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விடும் பெரிய பிழை. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை எல்லாப் பாடத்தையும் தமிழில் வாசிக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ கிழமைக்கு ஒருநாள் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வாசிப்பு வேறு. வகுப்பைச் சொன்னால் அந்த வகுப்புக்குரிய நூறு பக்கப் பொடி எழுத்துப் புத்தகம் வரும். பிள்ளை இரண்டாம் பக்கத்தில் மூடிவிடும். அதோடு தமிழ்ப் புத்தகம் என்றாலே இப்படித்தான் என்று முடிவும் கட்டிவிடும். இதில் நூலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன தகவல் பிழை.

சொல்ல வேண்டியவை மூன்று. பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறதா, சொல் சொல்லாக வாசிக்கிறதா, வசனமாக ஓட்டமாக வாசிக்கிறதா என்பது ஒன்று. எந்த மொழியிலானாலும் கடைசியாகத் தானாக விரும்பி முடித்த புத்தகம் எது என்பது அடுத்தது. மூன்றாவது, ஊருக்கு வந்தபின் எதைக் கண்டு வாய் பிளந்தது என்பது: இரணைமடுக் குளமா, மயிலா, குரங்கா, சுண்டிக்குளத்துப் பறவைகளா? இந்தக் கடைசித் தகவல்தான் அனுபவமுள்ள உதவியாளருக்குப் பெரிய துப்பு. பறவையென்று சொன்னால், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 598 இருக்கும் தட்டுக்குப் போவார். விலங்கென்றால் 590, நாட்டார் கதையென்றால் 398, புதிர் விளையாட்டென்றால் 793. கதை வாசிக்க மறுக்கும் பிள்ளைகள் பலர் பறவைப் படப் புத்தகத்தில் பெயர்களை வாசித்து வாசித்தே எழுத்துக்குள் வந்துவிடுவார்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் நடுப் பக்கத்தை விரித்துப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கவிடுங்கள். முதற்பக்கத்தில் எழுத்துக் குறைவு, அது ஏமாற்றும். ஒரு பக்கத்தில் மூன்று இடத்துக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகம் வேண்டாம். தமிழில் தடக்குவது பெரும்பாலும் எழுத்து தெரியாததால் அல்ல, சொல்லின் நீளத்தால். 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லை முடிப்பதற்குள் பிள்ளைக்கு மூச்சும் முட்டும், தொடக்கமும் மறந்துபோகும். 'ஓடினார்கள்' என்று முடியும் வசனங்கள் உள்ள புத்தகம் அதே பிள்ளைக்குச் சுகமாக ஓடும். ஆகவே வினைச்சொற்களின் நீளத்தைப் பார்த்து எடுங்கள். பக்க எண்ணிக்கை பிறகு.

இன்னொன்று பதிப்பு. சென்னையில் அச்சான புத்தகத்தில் நாற்காலி, ஜன்னல், சோப்பு என்று வரும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது கதிரை, யன்னல், சவர்க்காரம். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குக் காதில் ஏற்கெனவே இருக்கும் சொல் கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் முதல் புத்தகத்துக்கு "இலங்கைப் பதிப்பு இருக்கோ?" என்று கேளுங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டு வாயில் ஏறிவிட்டால் எழுத்தைப் பிள்ளை ஊகித்தே பிடித்துக்கொள்ளும்.

உதவியாளர் வேலையாக இருந்தால் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்புங்கள். திருப்பிக் கொடுக்கும் திகதியை முத்திரை குத்தும் தாள் அங்கே ஒட்டியிருக்கும். ஓரம் மடிந்து, முதுகில் இரண்டு தரம் ஒட்டுநாடா ஒட்டிய மெல்லிய புத்தகம் ஒன்றின் தாளில் ஒரே வருடத்துக்குள் பத்துத் திகதி இருந்தால், அதைவிடப் பெரிய பரிந்துரை வேறில்லை; ஊர்ப் பிள்ளைகளே தெரிந்து தந்திருக்கிறார்கள். பளபளப்பாக, ஒரு திகதியும் இல்லாமல் நிற்கும் தடித்த புத்தகம் யாரோ அன்பளித்ததாக இருக்கும். பயிற்சிப் புத்தகங்களின் திகதிகளை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம், அவற்றை எடுக்கவைப்பது பரீட்சை. அன்று திரும்பி வந்து இன்னும் தட்டில் ஏறாத குவியலையும் கேட்டுப் பாருங்கள். நல்லது முதலில் அதற்குள்தான் கிடக்கும்.

உள்ளே இருந்து வாசிக்க அங்கத்துவம் தேவைப்படாது. இரவல் எடுக்க விண்ணப்பம், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல், பிணையாளி என்று இருக்கும். இரண்டு கிழமை நிற்பவர்களுக்கு அது ஒத்துவராது. மச்சானின் அட்டையில் எடுப்பது வழக்கம். அப்படி எடுத்த புத்தகம் பயணப்பெட்டிக்குள் போய்விட்டால் தண்டப்பணமும் புத்தக விலையும் அட்டைக்காரரின் தலையில், கட்டாவிட்டால் பிணையாளியின் தலையில் விழும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த புத்தகமும் கிடைக்காது. விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி பெட்டியாகப் பழைய ஆங்கிலப் புத்தகம் கொண்டுபோவதையும் நிறுத்த வேண்டும். அன்பளிப்பென்றாலும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, பகுப்பெண் எழுதி ஒட்டிய பிறகுதான் தட்டில் வைக்கலாம். இருநூறு புத்தகம் ஒரேயடியாக வந்தால் அறையின் மூலையில் பெட்டியாகவே கிடக்கும். மாரியில் பூஞ்சணம், கோடையில் கறையான். கொடுக்க விரும்பினால் முதலில் சிறுவர் பகுதியில் என்ன குறைவென்று நூலகரிடம் கேளுங்கள், பிறகு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்குங்கள். இருபது தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, பிள்ளைகள் சேர்ந்து வாசிக்க ஐந்து தலைப்பில் நான்கு நான்கு பிரதி உதவும். நூல் கொண்டு தைத்த கட்டாகப் பாருங்கள். பசைக் கட்டு வெயிலில் காய்ந்து ஆறு மாதத்தில் தாள் தாளாக வரும், கம்பி அடித்தது ஈரத்தில் துருப்பிடிக்கும். கூடவே நல்ல ஒட்டுநாடா நான்கைந்து சுருளும், மேலுறை போட ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் உருளை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.