முறிகண்டியில் சூடேறிய சித்தப்பாவின் வான்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியபோது, சித்தப்பாவின் வானில் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மீண்டும் ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்கியிருந்தோம். பின்பக்கம் போய் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து நுனியைத் தொட்டேன்; சுட்ட வேகத்தில் கையை உதற வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். ஏற்றமே இல்லாத ஏ9 வீதியில் ஐந்து பேருடன் வந்த வான் இப்படிச் சூடேறியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அது 1973ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கொம்பி, 1600 சீசீ எஞ்சின். நானும் மச்சான்மாரும் அதில்தான் பள்ளிக்கூடம் போனோம். அது சந்தியில் திரும்பும் சத்தம் கேட்டதுமே அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். போரின்போது வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், ஊரிலிருந்த மற்ற வாகனங்களைப் போலவே, அதுவும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தக் கொடுமையையே தாங்கிய எஞ்சின், 92 ஒக்ரேன் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளில், முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஏன் தவிக்க வேண்டும்?

பழுதுபார்த்தது ஊரிலுள்ள ஒரு கராஜ். அதற்கு நான் அனுப்பிய பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பிஸ்டன், வால்வு வேலைகளைச் சுத்தமாகவே செய்திருந்தார்கள். ஆனால் எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது, சைலென்சருக்கு மேலே வரும் தகட்டையும், எஞ்சினைச் சுற்றி ஓடும் றப்பர் பட்டியையும் பழசு என்று கழித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, எஞ்சின் அறையின் பின்கதவு மூடாதபடி ஒரு மரக்கட்டையை இடையில் செருகி, “நல்லாக் காத்துப் படட்டும், ஐயா” என்று சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும், தங்களுக்குப் பழக்கமில்லாத எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி எறியும் முன், அது எதற்காக அங்கே இருந்தது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? நான் வாழும் ஜேர்மனியின் ஹனோவரில் 1956 முதல் இந்த வான்களைக் கட்டினார்கள். அங்கே இன்றும் பழைய வான் வைத்திருப்பவர்கள் அந்த றப்பர் பட்டி ஒரு விரலளவு கிழிந்தாலும் கோடைக்கு முன் மாற்றிவிடுவார்கள். 20 பாகை வெயிலுக்கே அங்கே அவ்வளவு கவனம். இங்கே 34 பாகையில் பட்டியே இல்லாமல் ஓடியிருக்கிறோம்.

கச்சான் விற்ற அம்மா ஒருவர், சற்றுத் தள்ளி ஓர் ஒழுங்கைக்குள் பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பதாகச் சொல்லிச் சிறுவன் ஒருவனை அனுப்பினார். எழுபதைத் தாண்டிய அந்த ஐயா சைக்கிளில் வந்தார். ஸ்பனர் எதையும் எடுக்கவில்லை. கோயிலடிக் கடையில் ஒரு சாம்பிராணிக் குச்சி வாங்கிப் பற்றவைத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஓரமாக, தகடு இருந்திருக்க வேண்டிய இடைவெளிக்குக் கீழே பிடித்தார். மேலே நெளிந்துகொண்டிருந்த புகை திடீரென்று நூல் போல நீண்டு, அந்த இடைவெளிக்குள் இழுபட்டு மறைந்தது. கட்டை செருகிய கதவின் கீழ் விளிம்பில் பிடித்தபோதும் அப்படியே. “பாத்தியளோ தம்பி, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது” என்றார்.

அந்த ஒரு வரியில் முழு விளக்கமும் இருந்தது. இந்த எஞ்சினுக்குத் தண்ணீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. வானின் பின்மூலைகளில், யன்னல்களுக்குப் பின்னால் உள்ள காற்றுவாய்களால் வரும் குளிர்ந்த காற்றை விசிறி இழுத்து, தகட்டு உறைக்குள் அழுத்தி, சிலிண்டர்களின் செதில்களுக்கிடையிலும் ஒயில் கூலருக்குள்ளும் செலுத்தி, சூடான காற்றாகக் கீழே தள்ளுகிறது. மேலே குளிர், கீழே சூடு; இரண்டையும் பிரித்து வைப்பவை அந்தத் தகடுகளும் றப்பர் பட்டியும்தான். விசிறி இழுப்பதால் எஞ்சின் அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும். எந்த இடைவெளி கிடைத்தாலும் சைலென்சரைச் சுற்றியுள்ள கொதிகாற்று அதன் வழியே மேலேறிவிடும். திறந்துவைத்தால் குளிரும் என்பது வீட்டுக்குப் பொருந்தும். இந்த எஞ்சினை மூடிவைத்தால்தான் குளிரும்.

அன்று பின்னேரம் முழுவதும் அவர் வீட்டு மாமர நிழலில் வேலை நடந்தது. பழைய சைக்கிள் ரியூபை நீளவாக்கில் வெட்டி, இரண்டாக மடித்து, விளிம்பைச் சுற்றி வரிசையாகச் செருகினார். சைலென்சருக்கு மேலே வரும் தகட்டை, முதலில் மட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, பிறகு தகரத்தில் வெட்டி, விளிம்புகளைச் சுத்தியலால் மடித்துப் பொருத்தினார். ஒயில் கூலரின் செதில்களில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அப்பியிருந்த அழுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவினார். ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தி, அது 15 மில்லிமீற்றர் அளவு அமுங்கும்படி சரிசெய்தார். எஞ்சின் ஆறிய பிறகு வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீற்றரில் வைத்தார். ஒரு சின்ன பல்பைக் கம்பியில் கட்டி இக்னிஷன் நேரத்தை, அதாவது தீப்பொறி விழும் கணத்தை, பார்த்தபோது, அதுவும் தேவைக்கு மேல் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதனாலும் சிலிண்டர் தலைகள் சூடேறும் என்றார். இரண்டரை லீற்றர் ஒயிலையும் மாற்றினார். இந்த எஞ்சினில் ஒயில் ஃபில்டர் கிடையாது, ஒரு வலை மட்டுமே உண்டு என்பதால் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றும்படி சித்தப்பாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

சித்தப்பாவின் ஓட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெற்றோல் மிச்சம் என்று 50க்குக் கீழேயும் நாலாம் கியரில் இழுப்பது சித்தப்பாவின் நெடுநாள் பழக்கம். விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவதால், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், பாரமோ குறையாது. “மூண்டில போட்டு விடுங்கோ, அண்ணை. சத்தத்துக்குப் பயப்பிடாதேங்கோ” என்று ஐயா சொன்னதைச் சித்தப்பா முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. நான் பத்து வருடமாகத் தொலைபேசியில் சொல்லி வந்ததும் இதுதான்.

கூலியாக ஐயா கேட்ட தொகை, ஹனோவரில் ஒரு மெக்கானிக்கின் அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. கூடக் கொடுத்ததை அவர் வாங்க மறுத்தபோது நான் பேச வார்த்தையின்றி நின்றேன்.

மரக்கட்டையை அங்கேயே விட்டுவிட்டு, பின்கதவை இறுக மூடிக்கொண்டு மறுநாள் உச்சி வெயிலில் வீடு திரும்பினோம். ஆனையிறவில் வெளிக்காற்று அனலாக வீசியது. பளையில் நிறுத்தி, ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டோம், விளக்கு மினுங்கவில்லை. ஒயில் கம்பியை இழுத்து நுனியை விரல்களுக்கிடையில் பிடித்தேன். சூடுதான், ஆனால் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. சித்தப்பாவும் வாங்கிப் பிடித்துப் பார்த்தார்.

சைக்கிள் ரியூப் ஒரு வருடம் தாங்கும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். ஹனோவருக்கு வந்த வாரமே றப்பர் பட்டியும் சைலென்சருக்கு மேலே வரும் தகடும் வாங்கிவிட்டேன். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும் உறவினரின் பெட்டியில் அவற்றுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். பொருத்துவதற்கு வானை முறிகண்டிக்கே கொண்டு போவதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார்.